குச்சியியல்: டி.வி. ஆன்டெனா வாங்குதல், தேர்தல், எண்ணுதல்

தொலைக்காட்சி ஆன்டெனா குறித்துத் தமிழில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்திருந்தாலும் கட்டுரையை இப்படித்தான் தொடங்க வேண்டும். முன்னால் எழுதியவர்களைப் படித்துத் தொலைக்கும் வேலை அதனால் மிச்சமாகிறது.

ஆய்வின் எல்லை: கிழக்கே மன்னார் வளைகுடா, மேற்கே எதிர்வீட்டுத் தமிழய்யா. இடம் தூத்துக்குடி. காலம் 1980களின் நடுப்பகுதி. அதாவது, 1982 பிப்ரவரியில் இலங்கையில் பிறந்த ரூபவாஹினி தொலைக்காட்சி நடை பழகிவிட்டது, கேபிள்காரர் இன்னும் எங்கள் தெருவுக்குள் நுழையவில்லை. முதன்மைச் சான்றுகள் மூன்று. ஒன்று, தகரக் கூரைப் பட்டறையில் ஆன்டெனா செய்து விற்ற அண்ணாச்சி என் அப்பாவுக்கு எழுதித் தந்த ரசீது. இரண்டு, அந்த ஆன்டெனா. மூன்று, வத்தல் காயப்போட நாள்தோறும் மொட்டை மாடிக்குப் போய்வந்த அம்மா. மூன்றாம் சான்று ஆய்வாளனோடு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. "போய் வேற வேலையைப் பாரு" என்பதே அதன் முழுப் பாடம்.

பெயர் இயல்

ஆன்டெனா என்பது லத்தீனில் பாய்மரத்தின் குறுக்குக் கட்டை. பின்னர் அது பூச்சியின் உணர்கொம்பைக் குறித்தது. இத்தாலிய மொழியில் கூடாரத்தின் நடுக்கம்புக்கும் அதே பெயர் உண்டு. மார்க்கோனி தம் கருவியின் கம்பியை அப்படியொரு கம்பில் கட்டியதால் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். இவ்வளவும் அகராதியில் கிடைப்பவை. ஆகவே ஆராய்ச்சி ஆகமாட்டா. தமிழய்யாவின் முடிபு வேறு. 'யாண்டு', 'அணா' என்னும் இரு சொற்கள் புணர்ந்து 'யாண்டணா' ஆகிப் பின் திரிந்ததாம். எங்கே கிடைக்கும், எத்தனை அணா என்று வாங்கப் போனவன் கேட்ட கேள்வியே பொருளின் பெயராயிற்றாம். கடல்கோளுக்கு முன்பே இப்புணர்ச்சி நடந்துவிட்டதாம். 'அணா' வடக்கேயிருந்து வந்த சொல்லாயிற்றே என்றேன். காசு விஷயத்தில் வடக்கு தெற்கு பார்க்கக் கூடாது என்றார்.

தோற்ற இயல்

மாடிகளில் நின்ற அந்த மீன்முள் வடிவத்தை ஜப்பானில் செண்டாய் நகரத்துத் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் 1926 வாக்கில் உருவாக்கினார்கள். சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தவர் ஷின்டாரோ உடா. ஆங்கிலத்தில் 1928இல் கட்டுரை எழுதி வெளியிட்டவர் பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி. யாகி நேர்மையானவர், கட்டுரையில் உடாவின் பெயரைச் சொல்லியே இருந்தார். உலகம் மட்டும் முதல் பெயரோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டு 'யாகி ஆன்டெனா' என்றது. நம் பல்கலைக்கழகங்களில் இப்படியெல்லாம் நடப்பதில்லை. இங்கே மாணவரின் பெயர் கட்டுரையில் தொடக்கத்திலேயே இருக்காது. பின்னால் உதிரும் துன்பமும் இல்லை.

1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷ் ரேடார் வீரர் ஒருவரின் குறிப்பேடு ஜப்பானியர் கையில் சிக்கியது. அதில் 'யாகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பொருள் விளங்காமல் கைதியையே கேட்டார்கள். அது உங்கள் ஊர்ப் பேராசிரியர் பெயரய்யா என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளூர் ஆளை உள்ளூரில் யாரும் படிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல மேற்கோள் எனக்குக் கிடைக்கவில்லை.

நிற இயல்

தங்க முலாம் போட்டது போன்ற ஆன்டெனாவுக்குக் கூடுதல் விலை. படத்தில் தங்கம் தெரியாது.

பேலன் இயல்

பட்டை வயரின் 300 ஓம்ஸை டி.வி. கேட்கும் 75 ஓம்ஸாக மாற்றும் சிறு டப்பாவுக்குப் பேலன் என்று பெயர். அண்ணாச்சி 'பலூன்' என்பார். ஊதிப் பார்த்தவர் எவருமில்லை.

பூஸ்டர் இயல்

சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பூஸ்டர் பெருக்கும். கம்பத்தின் உச்சியில் வைத்தால் ஓரளவு பயன் உண்டு. டி.வி. பக்கத்தில் வைத்தால், வழியில் வயர் தின்றது போக மிஞ்சிய பலவீனத்தைப் பெரிதாக்கிக் காட்டும். எங்கள் தெருவில் எல்லோரும் டி.வி. பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். அதன் சிவப்பு விளக்கு விருந்தாளிகளுக்குத் தெரிய வேண்டுமே.

திருப்பல் இயல்

ஒருவர் மாடியில் நின்று திருப்ப, ஒருவர் கீழிருந்து கத்துவது பற்றி எழுதத் தெரிந்த எல்லோரும் எழுதிவிட்டார்கள். தவிர்க்கப்படுகிறது.

குச்சி எண் இயல்

இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. ரசீதின் மூலபாடம் ஒரே வரி: 'ஆண்டனா 12 குச்சி ஏ1.' நீல மை. வலது ஓரத்தில் டீக் கறை உண்டு, அது இடைச்செருகல்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டுப் பிரித்தபோது அப்பா எண்ணினார். பின்னால் நீளமாக ஒரு குச்சி, நடுவில் வளைத்து மடித்த பைப் ஒன்று, முன்னால் வரவரக் குறுகும் குச்சிகள் ஏழு. ஆக ஒன்பது. சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பப் பட்டறைக்குப் போனார்; நான் பின்னால் உட்கார்ந்து ஆன்டெனாவைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள்.

"அண்ணாச்சி, ஒம்போதுல்லா இருக்கு?"

"மடிச்ச பைப்பு மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டுல்லா? பத்தாச்சா? எல்லாத்தையும் தாங்குத நெடும் பைப்பு ஒண்ணு. கிளாம்பு ராடு ஒண்ணு. இப்பம் எண்ணிப் பாருங்க."

அப்பா எண்ணினார். பன்னிரண்டு. இதனைக் கூட்டல் மதம் என்க (ரசீது, வரி 1). அப்பாவின் கொள்கை ஒன்பதின்வாதம் எனப்படும். அதைப் பின்பற்றியவர் அப்பா ஒருவரே.

தமிழய்யா கழித்தல் மதத்தவர். ஆன்டெனா எங்கள் மாடியில் ஏறிய அன்று மாலையே வாதத்தைத் தொடங்கினார். பின் குச்சி அலையைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறதே ஒழிய வாங்குவதில்லை, அது எதிர்மறை, நீக்குக. முன் குச்சிகள் ஏழும் அலையை உள்ளே வழிநடத்துகின்றன, அவை அடைமொழிகள், நீக்குக. வயர் எதில் கட்டியிருக்கிறது? மடித்த பைப்பில் மட்டும். ஆகவே எழுவாய் ஒன்றே (தமிழய்யா, திண்ணைப் பேருரை, முதல் நாள், மின்வெட்டுக்குப் பின்).

இவ்விடத்தில் ஆய்வாளன் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். மின்பொறியியல் நூல்கள் சொல்வதும் இதைத்தான். வயர் சேர்வது மடித்த பைப்பில் மட்டுமே. மற்றக் குச்சிகள் எதனோடும் வயரால் இணையாமல், தம்மில் எழும் மின்னோட்டத்தால் அலையை ஒரு பக்கமாகக் கூட்டுகின்றன. எட்டாம் வகுப்பு இலக்கணத்தை வைத்துக்கொண்டே தமிழய்யா அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இவ்வளவு நீண்டிராது.

அவர் 'ஏ1'ஐப் பிடித்துக்கொண்டார். ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருள் சொன்னார். நன்னூலார் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கினார். ரசீதில் உள்ள ஏகாரம் எது? பிரிநிலை என்றால் பன்னிரண்டிலிருந்து ஒன்றைப் பிரிக்க வேண்டும், விடை பதினொன்று. எண்ணேகாரம் என்றால் ஒன்றைக் கூட்ட வேண்டும், பதின்மூன்று. வினா என்றால், பன்னிரண்டு குச்சியா, ஒன்றா என்று வாங்கியவரையே விற்றவர் கேட்கிறார். இப்பொருளே பட்டறை வழக்குக்கு மிகவும் பொருந்தும் (மேற்படி, இரண்டாம் நாள், வெற்றிலை தீர்ந்த பிறகு). தேற்றம் என்றால் 'பன்னிரு குச்சியும் ஒன்றே' என்றாகும், அத்வைதம் (மேற்படி உரைக்கு அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் மாடிப்படியில் ஏறியபடி நிகழ்த்திய விளக்கவுரை, ஏழாம் படி, எட்டாம் படியில் கால் இடறியதால் முற்றுப்பெறவில்லை). ஈற்றசை என்று கொள்வாருமுளர். அவர்கள் யாரென்று கேட்டதற்கு, "அப்படி எழுதினால்தான் உரை மாதிரி இருக்கும்" என்றார் (முற்றுப்பெறாத விளக்கவுரையைக் காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் நின்று கேட்ட ஆச்சி, மீன் வாங்கும்போது தன் மகளுக்குச் சொன்னது, மகள் எங்கள் அம்மாவுக்குச் சொன்னது, அம்மாவிடம் சரிபார்க்கப் போய்க் கிடைத்த பாடம் மேலே தரப்பட்டுள்ளது).

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சியிடமே கேட்டேன். 'ஏ1' என்றால் நல்ல சரக்கு என்றார். மூல ஆசிரியரின் சொந்தக் கருத்துக்கு உரை மரபில் அவ்வளவு மதிப்பில்லை என்பதால் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அளவு இயல்

பட்டறையில் அளவு நாடா இருந்தது; அண்ணாச்சி அதைத் தொட்டதில்லை. கைப்பழக்கத்தில் வழவழவென்று கறுத்த மூங்கில் பிளாச்சு ஒன்றை வைத்திருந்தார். அதில் கத்தியால் கீறிய வெட்டுகள். ஒரு பக்கம் கொடைக்கானல் ஒளிபரப்புக்கு, மறுபக்கம் ரூபவாஹினிக்கு. அலுமினியப் பைப்பை அதன்மேல் கிடத்தி, ஆணியால் கீறி, ரம்பம் போடுவார். பைப்பின் இரு நுனிகளையும் சுத்தியலால் தட்டி மூடுவார். ஏன் என்றதற்கு, "தொறந்து கெடந்தா காத்துல ராத்திரி பூரா விசிலடிக்கும். குளவி வேற கூடு கட்டும்" என்றார். தேர்ந்தெடுக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த நுனியைத்தான். அடுத்தது போல்ட். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் உப்புக் காற்றில் சேர்ந்திருந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு அண்ணாச்சியைச் சோதிக்கும் ஆசை வந்தது. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மடித்த பைப்பின் நீளம் மீட்டரில் கிடைக்கும் என்பது சூத்திரம். 177 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்து வகுத்தேன். சுமார் 81 சென்டிமீட்டர். மூங்கிலை அளந்தேன். அரை விரற்கடை குறைந்தது. பிழை கண்டுபிடித்த பெருமிதத்தோடு வீட்டுக்கு வந்து புத்தகத்தை மறுபடி புரட்டினால், தடித்த பைப்புக்குச் சற்றுக் குறைத்து வெட்ட வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது. மூங்கில் அந்தப் பக்கத்தையும் படித்திருந்தது.

கடல் இயல்

ரூபவாஹினியின் கோபுரம் இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில், 2,524 மீட்டரில் நிற்கிறது. உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் வரும். மலைக்கு 207. எங்கள் மாடிக் கம்பத்துக்கு, 10 மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும், 13. மொத்தம் 220. தூத்துக்குடிக்கும் அந்த மலைக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். ஒன்பதோ, பன்னிரண்டோ, எத்தனை குச்சி வைத்தாலும் பூமி உருண்டைதான்.

மிச்ச தூரத்தைக் கடத்திவிட்டது காற்று. காற்று அசையாத கோடை மாலைகளில் கடல்மேல் ஈரமான குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வறண்ட வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும். அலை மேலே தப்பிப் போகாமல் அந்த அடுக்கில் வளைந்து, கடலை ஒட்டியே ஓடிவரும். அன்றைக்குச் சிங்களச் செய்தி வாசிப்பவரின் காதுத் தோடுகூடத் தெரியும். எங்களுக்கு ஒரு சொல் புரியாது, கடைசிவரை பார்ப்போம். காற்று கிளம்பிய மறுநாள் திரை முழுக்கக் கொசு. அன்றைக்கு அப்பா மாடிக்குப் போய் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்குவார். தமிழய்யா வீட்டில் பழைய ஐந்து குச்சி ஆன்டெனா. நல்ல நாளில் அவருக்கும் தோடு தெரிந்தது. அதை அவர் 'பன்னிரு குச்சியும் ஒன்றே' என்பதற்குச் சான்றாகக் கொண்டார்.

எடை இயல்

கேபிள் வந்து பல வருடம் கழித்து ஆன்டெனாவை இறக்கினோம். காயலான் கடைக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தினார். மடித்த பைப்பையும் பின் குச்சியையும் ஒரே கண்ணோட்டத்தில் பார்த்த முதல் அறிஞர் அவர்தான். போல்ட்டைக் கழற்றினார், பிளாஸ்டிக்கைப் பிடுங்கினார், கிளாம்பைத் தனியே வீசினார். அவர் எந்த மதம் என்பது புரிந்துவிட்டது. "அலுமினியம் மட்டும் ஒண்ணே முக்கால் கிலோ."

வண்டியில் போடுமுன் பழக்கதோஷத்தில் எண்ணினேன். பின் குச்சி ஒன்று, மடித்த பைப் ஒன்று, முன் குச்சி ஆறு. எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான். அண்ணாச்சி, அப்பா, தமிழய்யா மூவர் கணக்கிலும் வராத எண். கடைக்காரரை முறைத்தேன். அவர் தராசை முறைத்தார்.

அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்தாள்.

"ஒண்ணுதான, அது அடுக்களை ஜன்னல்ல திரை தொங்குது பாரு. நீ பத்தாப்பு படிக்கும்போதே கழத்திட்டேன்."

"அப்பாகிட்ட சொல்லவே இல்லையேம்மா?"

"சொல்லலாம்னுதான் பார்த்தேன். அன்னைக்குன்னு பார்த்துப் படம் நல்லா வந்துட்டு."