கவாத்து

கவாத்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. விடிகாலையில் மைதானத்தில் போலீஸ்காரர்கள் பூட்ஸ் காலோடு ‘லெஃப்ட் ரைட்’ போடுவது ஒன்று. செடியில் வேண்டாததை வெட்டிவிடுவது இன்னொன்று. என் மாமனார் ஓய்வுபெற்ற ஏட்டு. அவருக்கு முதல் அர்த்தம் அத்துப்படி. எனக்கு இரண்டுமே தெரியாது என்பது வெடேலியா செடி வாங்கிய பிறகு வெட்டவெளிச்சமானது.

வாசலில் மூன்றடி மண் சும்மா கிடக்கிறதே என்று நர்சரியில் நாலு தண்டு வாங்கி வந்தேன். “தண்ணி ஊத்தாட்டியும் வரும் சார்” என்றார் நர்சரிக்காரர். ஊற்றினால் என்ன ஆகும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். தினமும் இரண்டு குடம் ஊற்றினேன்.

சாலைத் தடுப்புகளுக்கு நடுவே, பெரிய கம்பெனி வாசல்களில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்குமே, அதேதான். ஒரு முழத்துக்கு மேல் எழும்பாது. எழும்பாத குறையையெல்லாம் பக்கவாட்டில் தீர்த்துக்கொள்ளும். மூன்றடி மண் முடிந்ததும் தண்ணீர் மீட்டரை விழுங்கியது. பிறகு மோட்டார் பெட்டி. கேட்டைத் திறந்தால் கூடவே நாலு தண்டு நீண்டு வந்தது.

பூர்வீகம் மெக்சிகோவில் தொடங்கித் தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதி வரை. உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். போட்ட பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஹிஸ்டரி ஷீட்டரா? காசு குடுத்து நீங்களே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தீங்களா மாப்ளே?”

முதல் கவாத்தை என் மனைவியின் துணிக் கத்தரியால்தான் செய்தேன். (அந்தக் கத்தரியைப் பற்றி இன்றும் வீட்டில் பேச்சு வருகிறது.) சலூனில் வெட்டுவதுபோல் மேலாக வெட்டி, வெட்டியதைப் பக்கத்துக் காலி மனையில் வீசினேன். ஐப்பசி மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. தை பிறந்தபோது மனை முழுக்க மஞ்சள். ஆள் கூட்டி வந்த புரோக்கர், “கார்டனே ரெடியா இருக்கு சார்” என்று விலையை ஏற்றிச் சொன்னதை என் காதால் கேட்டேன்.

வெட்டுகிறவர்கள் ஒரு தண்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கினால் வராது. இழுத்தால் பழைய செலோடேப்பைப் பிய்ப்பதுபோல் ‘டர்ர்ர்’ என்று வரும். ஒவ்வொரு கணுவிலும் மண்ணைப் பிடித்தபடி ஒரு கொத்து வெள்ளை வேர். கணு ஒன்று மண்ணில் பட்டால் போதும், அது தனிக்குடித்தனம். இது விதையை அவ்வளவாக நம்புவதில்லை, என்னைப் போன்றவர்களை நம்புகிறது. ஒன்றைப் பத்தாக வெட்டிப் பத்தையும் வீசினால், நான் செய்ததற்குப் பெயர் பதியம் போடுவது.

இதற்கிடையில் எதிர்வீட்டு அக்கா வாரம் ஒரு பை பறித்துக்கொண்டு போனார். தலைக்கு எண்ணெய் காய்ச்ச. “மஞ்சள் கரிசலாங்கண்ணி தம்பி, லேசில கிடைக்காது.” மஞ்சள் கரிசலாங்கண்ணி இதன் பங்காளிதான், ஆனால் அது வேறு செடி. அதன் இலை நீளவாக்கில் ஒல்லியாக இருக்கும். இதன் இலை நடுவில் ஒரு முனையும் பக்கத்துக்கு ஒரு முனையுமாக மூன்றாய்ப் பிரிந்தது. சொன்னால் வாரத்துக்கு ஒரு பை மிச்சமாகுமே என்று ஒரு மாதம் மனசாட்சியோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் இலையைப் பிடித்துக் காட்டிச் சொன்னேன். “குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லுங்க தம்பி” என்று போனவர், இரண்டு வாரம் பேசவில்லை.

போன ஞாயிறு மாமா பொறுப்பேற்றார். முதலில் செங்கலை நட்டுக் கயிறு கட்டினார். எல்லை தாண்டிய தண்டையெல்லாம் கணு கணுவாய்ப் பிய்த்து வேரோடு எடுக்கச் சொன்னார். உள்ளே இருந்ததை நாலு விரல் உயரத்துக்குக் கருக்கரிவாளால் அறுத்தோம். அறுத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து விசில் மட்டும் ஊதவில்லை.

“குப்பைல போடாதீங்க, தப்பிச்சிரும். சாக்கடைல போடாதீங்க, நீந்திப் போயிரும். மொட்டை மாடில வெயில்ல போட்டு, சருகாகி நொறுங்குற வரைக்கும் காவல். ஒரு கணுகூட இந்த வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது.”

மூன்று சாக்கு. மாடிக்கு ஏற்றி, பரப்பி, நாள்தோறும் புரட்டினேன். மாமா காலையும் மாலையும் மாடியேறி ரோல்கால் எடுத்தார்.

புதன்கிழமை அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஒயர்கூடையை வாங்கி உள்ளே வைக்கும்போது, வேட்டிக்கும் பலகாரப் பொட்டலத்துக்கும் நடுவே, ஈரத்துணி சுற்றிய நாலு தண்டு எட்டிப் பார்த்தது. ஒன்றில் மொட்டு வேறு.

“மாமா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கேஸ்னா எக்ஸிபிட் வேணும்ல மாப்ளே.”