கொட்டேஷன் சார்

மாங்காடு காமாட்சியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்துக்குப் பேரம் பேச யாருக்கும் மனசு வராது. ஆறு வாரம் விடாமல் பழம் கொண்டுபோய் வேண்டிக்கொள்கிற கோயில் அது. புது வண்டி எடுத்த அன்று கொட்டேஷன் சாரும் பேசவில்லை. காருக்கு நாலு, பைக்குக்கு இரண்டு என்று ஆறு பழம் வாங்கினார். சொன்ன விலையைக் கொடுத்தார், மீதிச் சில்லறையைக்கூடக் கேட்கவில்லை. வண்டி சம்பந்தப்பட்ட செலவில் அவர் பேரம் பேசாத ஒரே நாள் அதுதான்.

இவரைத் தேடி மாங்காடு வரைக்கும் வர வேண்டியதில்லை. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒருவர் இருப்பார். வாசலில் உறை போட்ட கார், அதையொட்டி வெயிலில் காயும் பைக் என்பது அடையாளம். கார் வெளியே வருவது கல்யாணத்துக்கும் திருப்பதிக்கும்தான். பைக் தினமும் குமணன்சாவடி நெரிசலில் நுழைந்து, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வளைந்து, வேலைக்குப் போய் வருகிறது. அடிபடுகிற வாய்ப்பு எதற்கு அதிகம் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் ஃபுல் கவர் காருக்கு. பைக்கைப் பற்றிக் கேட்டால், “அது கெடக்குது, பாத்துக்கலாம்” என்பார்.

காரின் பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போது அவருக்குச் சீசன் தொடங்கும். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு, கம்பெனி வாரியாகத் தொகையை எழுதுவார். ஆர்.சி. ஜெராக்ஸ், பழைய பாலிசி, பேனா மூன்றும் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் இருக்கும். அதை வண்டியின் டேங்க் மேல் வைத்துக்கொண்டு பூந்தமல்லியில் நாலு ஏஜென்ட், போரூரில் இரண்டு ஏஜென்ட் என்று சுற்றுவார். நாற்பது ரூபாய் குறைத்துத் தருகிறவரைக் கண்டுபிடிப்பதற்குள் பெட்ரோலுக்கு நூற்றைம்பது ஆகியிருக்கும்.

“தம்பி, பைக்குக்கு தேர்டு பார்ட்டி எவ்ளோ?”

“எழுநூத்திப் பதினாலு சார். ஜி.எஸ்.டி. தனி.”

“பக்கத்துல கொறச்சுச் சொல்றாங்களே.”

“யாரும் சொல்ல முடியாது சார்.”

ஏஜென்ட் சொன்னது நிஜம். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டில் 2007 முதல் கம்பெனிகள் தங்கள் விலையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். அங்கே அலைவதற்கு அர்த்தம் உண்டு. நம் வண்டி மோதி அடிபடுபவருக்கான தேர்டு பார்ட்டி காப்பீட்டின் கட்டணம் அப்படியில்லை, அதை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 75 முதல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 714 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 1,366. அதற்கும் மேலே 2,804. காரில் 1,000 சி.சி. வரை 2,094, அதற்கு மேல் 1,500 வரை 3,416. பன்னாட்டுக் கம்பெனியின் கண்ணாடி மாளிகையில் கேட்டாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டாலும் அதே தொகைதான். ஆனாலும் சார் விடமாட்டார். பேருந்து டிக்கெட்டில் தள்ளுபடி கேட்பவரைப் பார்க்கிற மாதிரி ஏஜென்ட் அவரைப் பார்ப்பார்.

காரில் அவர் பேரம் பலிக்கும் இடம் ஐ.டி.வி. என்கிற வண்டி மதிப்பு. அதைக் குறைத்தால் பிரீமியமும் குறையும். “கொறச்சுப் போடு தம்பி, பழைய வண்டிதானே” என்று தன் காரைத் தானே மட்டம் தட்டுவார். வண்டி திருடு போனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கைக்கு வருவது அந்தக் குறைத்த தொகைதான் என்பது காதில் விழாது. அதே வாரம் காரை விலைக்குக் கேட்டு யாராவது வந்தால், “ஒரே கை ஓட்டின வண்டி, புதுசு மாதிரி” என்று ஒரு லட்சம் கூட்டிச் சொல்வதும் இவரே.

அவருடைய இன்னொரு சொத்து என்.சி.பி. ஓராண்டு கிளெய்ம் வாங்காவிட்டால் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டு 50-இல் நிற்கும். சார் ஐம்பதில் இருக்கிறார். அதைக் காப்பாற்ற, கேட்டில் உரசிய பம்பரை டிங்கர் பார்க்காமல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கிறார். கார் தள்ளுபடியைப் பைக்குக்கு மாற்ற முடியுமா என்றும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். “காரோடது காருக்குத்தான் சார்” என்று பதில் வந்தது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த ஐம்பதும் போய்விடும் என்பது மட்டும் அவருக்கு மனப்பாடம். கல்யாண நாள் மறக்கும். இந்தத் தேதி மறக்காது.

வண்டியின் சேதம் முழுவதுக்குமான காப்பீட்டைக் குறிக்கும் ‘பம்பர் டு பம்பர்’ அவர் டீக்கடையில் கற்ற வார்த்தை. 2021 ஆகஸ்டில், புது வண்டிகளுக்கு ஐந்தாண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உத்தரவு வந்த சேதி கடைக்கு வந்தது, போன சேதி வரவில்லை. “ஐகோர்ட்டே சொல்லிடுச்சு” என்று இன்னமும் பேசுவார். பேசுவாரே தவிர, அவர் பாலிசியில் அது கிடையாது.

பைக்குக்கு வருவோம். “அஞ்சு வருஷத்துக்கு மொத்தமா போட்டாச்சு” என்பது அவர் கணக்கு. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால், 2018 செப்டம்பர் 1 முதல் புதுப் பைக்குக்கு ஐந்தாண்டும் புதுக் காருக்கு மூன்றாண்டும் தேர்டு பார்ட்டி சேர்ந்தே வருகிறது. ஆனால் அந்த ஐந்தாண்டு, இவர் வண்டி மோதி அடிபட்டவருக்கு. பைக் திருடு போனால் கிடைக்க வேண்டிய சேதக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். அது முடிந்து எத்தனையோ ஆடி வெள்ளி போயாகிவிட்டது. அந்த ஐந்தாண்டும் போன மாதத்தோடு முடிந்தது. இனி பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் 4,000. 714-க்குப் பேரம் பேசப் போனவர் போனது அந்தப் பைக்கில்தான்.

சமீபத்தில் அவருக்கு ஒரு புதையல் அகப்பட்டது. ஒரே உரிமையாளரின் காரையும் பைக்கையும் ஒரே பாலிசிக்குள் கொண்டுவரும் ‘ஃப்ளோட்டர்’ ஏற்பாட்டுக்கு 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தந்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இன்னொரு வழி உண்டு. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டை (பி.ஏ.) 2019 ஜனவரியிலிருந்து தனியாக எடுக்கலாம். எத்தனை வண்டி இருந்தாலும் ஒருவருக்கு ஒன்று போதும். கார் பாலிசியிலும் பைக் பாலிசியிலும் தனித்தனியே கட்ட வேண்டாம். சார் பிளாஸ்டிக் பையோடு பறந்தார்.

“ரெண்டு வண்டி, ஒரே பி.ஏ. போடு தம்பி. ஃப்ளோட்டரும் பாரு.”

ஏஜென்ட் ஆர்.சி.க்களைப் புரட்டினார். “சார், கார் மேடம் பேர்ல இருக்கே.”

“ஆமா, ஜோசியர் சொன்னாரு. அவ ராசிக்குத்தான் கார் யோகம்.”

“அப்ப ஓனர் ரெண்டு பேரு சார். ஃப்ளோட்டர் வராது. மேடத்துக்கு லைசென்ஸ் இருக்கா?”

“சைக்கிளே ஓட்டத் தெரியாதுப்பா.”

ஏஜென்ட் பழைய பாலிசியை எடுத்து ஒரு வரியில் விரல் வைத்தார். அந்த விபத்துக் காப்பீடு ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்குத்தான். உரிமம் இல்லாதவருக்கு அது கட்டாயமும் இல்லை, கட்டினாலும் பலனில்லை. ஆன்லைனில் புதுப்பிக்கும்போது ‘லைசென்ஸ் உண்டு’ என்ற கட்டத்தில் அவசரமாக டிக் போட்டது சார்தான். ஐந்து வருஷமாக, நாற்பது ரூபாய்க்கு நாலு ஊர் சுற்றியவர், வருஷத்துக்குச் சில நூறு ரூபாயைச் சைக்கிள் ஓட்டத் தெரியாத மனைவியின் பேரில் கட்டி வந்திருக்கிறார். தினமும் பைக் ஓட்டும் அவர் பேரில் எதுவும் இல்லை.

வீட்டில் இரண்டு வண்டி உள்ளவர்கள் இரண்டு பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘ஓனர் டிரைவர் பி.ஏ.’ என்ற வரி இரண்டிலும் இருக்கிறதா, யார் பேரில் இருக்கிறது, பைக்கின் கடைசித் தேதி எது என்று பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.