கைபிடியை மறந்திடாதையுங்கோ தம்பி

வாங்கோ தம்பி, இஞ்சினியரோ? மஞ்சள் தொப்பியைக் கண்டவுடனை விளங்கீட்டுது. குறிகட்டுவான் இறங்குதுறையைப் பெருப்பிச்சு, பாலத்தையும் கடலுக்குள்ளை நீட்டப் போறியளாம். நல்ல விசயம். நான் நெடுந்தீவான், படிப்புக் குறைவு. ஆனால் படகுக்குக் காத்திருந்த நேரத்துக்குப் பட்டம் குடுக்கிறதெண்டால் எனக்கு ரெண்டு மூண்டு தரவேணும்.

முதல் புத்தி: அடிக்கல்லைப் பெரிசா வையுங்கோ. படகு ஓடாத நாளையிலை சனம் குந்தியிருக்க உதவும். பெயர்ப்பலகையையும் அகலமா அடியுங்கோ. அதின்ரை நிழலிலை நாலு ஆச்சிமார் ஒதுங்கலாம்.

நயினாதீவு அம்மாளின்ரை கதை தெரியுமெல்லோ? பூவைக் கவ்விக்கொண்டு நீந்தின நாகத்தைக் கருடன் கலைச்சுதாம். நாகம் கடலுக்குள்ளை ஒரு கல்லைச் சுத்திக்கொண்டு தப்பிச்சுதாம். பாருங்கோ, அந்தக் காலத்திலை ஒரு பாம்புக்கே தங்கிப்போக இடம் இருந்திருக்கு! இப்ப அம்மாளின்ரை திருவிழாவுக்கும், போயாவிலை நாகதீப விகாரைக்கும் வாற சனம் இஞ்சை படகுக்கு வெய்யிலுக்கை நிண்டு காயுது. கடல் வத்தினால் கருவாடு தின்னலாமெண்டு காத்திருந்த கொக்கு எங்களுக்குச் சொந்தக்காரன்தான்.

அங்கை பாருங்கோ, அந்த மனிசி நெடுந்தீவுக்குப் போறா. கையிலை மருந்துப் பை, கக்கத்திலை கால் கட்டின கோழி. முதலிலை செருப்பைக் கழட்டிப் படகுக்குள்ளை எறியிறா. பேந்து பை, பேந்து கோழி. சாமானெல்லாம் ஏறியாச்சு, ஆள் மட்டும் கரையிலை. படகு ஒரு முழம் எழும்புது, ஒரு முழம் தாழுது. படகுக்காரப் பெடியன் கையை நீட்டுறான். மனிசி அம்மாளைக் கூப்பிடுறா, முருகனைக் கூப்பிடுறா, கடைசியிலை கண்ணை மூடிக்கொண்டு பாயிறா. அவவின்ரை படகு அதுக்கும் அங்காலை கட்டிக் கிடக்கு. இன்னும் ஒருக்காப் பாயவேணும். தம்பி, உங்கடை வரைபடத்திலை அந்த ஒரு முழம் எங்கை கிடக்கு?

பாலத்தை நீட்டவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. எங்கடை கடல் ஆழம் குறைஞ்சது. பெரிய படகு வரவேணுமெண்டால் நீட்டத்தான் வேணும். ஆனால் கல்லைக் கொட்டி நிரப்பி நீட்டினால் நீரோட்டம் மறிபட்டு மண் சேரும். பேந்து அந்த மண்ணை அள்ள இன்னொரு கொந்தராத்து. ஒருவேளை திட்டமே அதுதானோ? தூணை நட்டுக் கீழாலை தண்ணியை ஓட விடுங்கோ. நுனியிலை ஒரு மிதவை போடுங்கோ. படகு எழும்பினால் அதுவும் எழும்பும், தாழ்ந்தால் அதுவும் தாழும்.

இன்னொண்டு. இஞ்சை ஏறினவை அங்கை நெடுந்தீவு மாவலித் துறையிலை இறங்கவேணும். இந்தப் பக்கத்தை மட்டும் கட்டினால் ஒரு காலுக்குச் சப்பாத்துப் போட்ட மாதிரித்தான்.

படகுக் கதையும் கேளுங்கோ. 2017 தையிலை 80 பேர் இருக்கக்கூடிய நெடுந்தாரகை வந்தது. படகு வாங்கிற காசு வேறை, ஓட்டுற காசு வேறை எண்டு பேந்துதான் எல்லாருக்கும் வெளிச்சது. எங்கடை பழைய குமுதினி இருக்கே, 1985 மே 15 அதிலை போன சனத்தைப் படுகொலை செய்ததை நான் பகிடியோடை சேர்த்துக் கதைக்கமாட்டன். அதுக்குப் பிறகும் சனம் அதே படகிலைதான் ஏறினது. வேறை வழி இருக்கேல்லை.

காங்கேசன்துறையைப் பாருங்கோ. 2023 ஒக்டோபர் 14 நாகப்பட்டினத்திலையிருந்து செரியாபாணி எண்ட கப்பல் வந்து சேர்ந்துது. ஒரு கிழமைக்குள்ளை சேவை நிண்டுது. நாடா வெட்ட நாள் பாத்தவை காத்துக்கு நாள் பாக்கேல்லை. வாடை வாற மாதம் ஆருக்குத் தெரியாது? 2024 ஆவணியிலைதான் சிவகங்கை எண்டு வேறை கப்பல் ஓடினது. அந்தத் துறைமுகத்துக்கு இந்தியா 6 கோடி 15 இலட்சம் டொலர் தாறதெண்டு சொல்லியிருக்கு. கடல் கடந்து போறவைக்கு அவ்வளவு எண்டால், ஆஸ்பத்திரிக்குப் போறவைக்கு நான் கேக்கிறது ஒரு கூரை, நாலு வாங்கு, ஒரு கக்கூசு, ஒரு கைபிடி.

கடைசிப் புத்தி, காசு வேண்டாம். சோளகம் எழும்பின ஒரு நாளிலை ஒருதருக்கும் சொல்லாமல் வாங்கோ. தொப்பி வேண்டாம், கமெராக்காரரும் வேண்டாம். ஒரு தோளிலை அரிசி மூட்டை, மற்றக் கையிலை ஒரு சின்னப்பிள்ளை. நெடுந்தீவுக்குப் போய் ஒரு இரவு நிண்டு திரும்பி வந்து வரைபடத்தை விரியுங்கோ. எத்தினை மீற்றர் நீளம் எண்டு பேந்து ஒருதரும் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

சரி, படகு வெளிக்கிடுது. நான் போகவேணும். உங்கடை பாலம் வருமட்டும், தம்பி, அந்தக் கையை ஒருக்காத் தாங்கோ.