மாத்திரைக்குத் தெரியாம ஒரு கஷாயம்

என்னடா பேராண்டி, டாக்டரு உனக்கு ஆறு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாரு, நீ ரெண்டே மாசத்துல அவருக்கே பாடம் எடுக்கற அளவுக்குத் தேறிட்டியாமே! இருமல் நின்னுபோச்சாம், சட்டை இறுக்கமா ஆயிடுச்சாம், அதனால டி.பி. மாத்திரையப் பரண்ல போட்டுட்டு ஆடாதோடைக் கஷாயத்துக்கு மாறிட்டியாம். உங்க அத்தை வந்து சொல்லிட்டுப் போனா. கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கல. நம்ம வம்சத்துல இதுவரைக்கும் ஒரு வைத்தியன்கூட இல்ல பாரு.

ஆடாதோடைய நான் குறை சொல்ல மாட்டேன். வேலியில முளைக்கற செடின்னு எளக்காரமாப் பாக்காத. அதுல வாசிசின்னு ஒண்ணு இருக்குது. அதப் பாத்துதான் புரோம்ஹெக்சின்னு இருமல் மருந்து செஞ்சான். அதுலேர்ந்து வந்ததுதான் அம்ப்ராக்ஸால். மெடிக்கல் ஷாப்புல நூறு ரூபா குடுத்து வாங்கற சிரப்பு பாட்டிலத் திருப்பிப் படி, அந்தப் பேரு இருக்கும். ஆனா அது சளிய எளக்கி வெளியத் தள்ளும், அவ்வளவுதான். சளிக்குள்ள குடியிருக்கறவன அதுக்கு அடையாளமே தெரியாது. இருமல் நின்னுபோச்சுன்னா கிருமி ஊரக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சுன்னு உனக்கு யாருடா சொன்னது? வாட்ஸப்பா?

ஆறு மாசம் ஏன்னு கேளு. மொத ரெண்டு மாசம் நாலு மருந்து: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தம்புட்டால். பின்னால நாலு மாசம் மூணு மருந்து. வேகமாப் பெருகற கிருமிங்க மொதல்ல சாகும், உனக்கும் உடம்பு தேறின மாதிரி இருக்கும். அரைத் தூக்கத்துல கெடக்கற கிருமிங்களத் தேடிப்புடிச்சித் தீக்கத்தான் மிச்ச மாசம். நீ பாதியில வுட்டா மிஞ்சறது எல்லாம் மருந்தோட ருசி பாத்துட்டுத் தப்பிச்சதுங்க. அதுங்க பெருகி, இதே மருந்துக்கு மசியாத டி.பி.யா திரும்பி வந்தா, அப்புறம் மருந்தே வேற. முன்னெல்லாம் அதுக்கு ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம்னு இழுப்பாங்க. காது மந்தமாப் போற ஊசிகூட அதுல இருந்துச்சி. இப்ப பெடாகுயிலின் சேத்த ஆறு மாச மருந்து வந்திருக்குது. வந்திருக்குதேன்னு அதையும் ஒரு கை பாக்கலாம்னு நெனைக்காத.

அதுவும் நீ யாரு? மாமல்லபுரத்துப் பட்டறையில நாளெல்லாம் கருங்கல்லு அறுக்கறவன். கட்டிங் மெஷின்ல பறக்கற தூசு நெஞ்சுல படிஞ்சி சிலிகோசிஸ் வந்தவனுக்கு டி.பி. மத்தவங்களவிடச் சுலபமா வரும். 2017ல மாமல்லபுரம் கல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு குடுத்தான், சந்தோசம். உன் நெஞ்சுக்கும் சேத்துக் காப்பு குடுத்துட்டான்னு நெனச்சிக்கினு, வாங்கித் தந்த மாஸ்க்கத் தாடிக்குக் கீழ மாட்டிக்கினு திரியற.

இதெல்லாம் கெழவனுக்கு எப்பிடித் தெரியும்னுதானே முழிக்கற? திருமணி ஆஸ்பத்திரியில வார்டுல வேலை பாத்தவன்டா நான். காதுல பஞ்சு வெச்சிக்கினா வேலை பாத்தேன்? மிச்சத்த உன் தங்கச்சி பி.ஃபார்ம் புத்தகத்தப் பிரிச்சி வெச்சிக்கினு படிச்சிக் காட்டினா.

அந்தத் திருமணிக் கதையக் கேளு. செங்கல்பட்டுப் பக்கத்துல லேடி வில்லிங்டன் பேருல இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிய 1955ல மத்திய அரசு எடுத்துக்கிச்சி. அதுக்கு முந்தி உலகம் பூராவும் தொழுநோய்க்கு இருந்த பெரிய மருந்தே ஒரு கொட்டையோட எண்ணெய்தான். நம்ம நாட்டு வைத்தியத்துல நீரடிமுத்துன்னு சொல்றோமே, அது. ஊசியில ஏத்துவாங்க, போட்ட எடம் வீங்கி உயிர் போவும். 1940கள்ல ராபர்ட் காக்ரேன்னு ஒரு டாக்டரு இங்கியே சல்ஃபோன் மருந்த ஊசியாப் போட்டுப் பாத்தாரு. அந்த வழியில வந்த டாப்சோன் மாத்திரைய எல்லாரும் கொண்டாடினாங்க, எண்ணெய மறந்தாங்க. ஆனா அந்த ஒரே மாத்திரைய வருஷக்கணக்குல குடுத்துக்கினே இருந்ததுல கிருமி அதுக்கும் பழகிடுச்சி. 1981ல உலக சுகாதார நிறுவனம், ஒரு மருந்து பத்தாது, டாப்சோனோட ரிஃபாம்பிசின், குளோஃபசிமின்னையும் சேத்துக் குடுன்னு சொல்லிச்சி. தொழுநோய் பின்வாங்கினது அதுக்கப்புறம்தான். ஆக, கூட்டு மருந்துங்கறது நீ கண்டுபுடிச்சதில்ல.

இப்பத்தான் வெஷயத்துக்கே வர்றேன். 2000த்துல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி. மரமஞ்சள்ல இருக்கற பெர்பெரின் இருக்குதே, அது கிருமியக் கொல்லக்கூடியது. ஆனா புண்ணுல சீழ் புடிக்க வைக்கற ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி, உள்ள வந்த பெர்பெரின அப்பிடியே வெளிய எறைச்சிடுது. நம்ம வயக்காட்டு மோட்டார் மாதிரி அதோட தோலுல ஒரு பம்பு. நோர்-ஏன்னு பேரு. அங்க இருக்கற சில பெர்பெரிஸ் செடிங்க அந்த பம்ப அடைக்கறதுக்கும் ஒரு சரக்கத் தானே தயாரிச்சி வெச்சிருக்குதுங்க. 5′-மீதாக்சி ஹைட்னோகார்பின்னு பேரு. இந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சி தெரியுமா? ஹைட்னோகார்பஸ்தான்டா நம்ம நீரடிமுத்து! அந்தச் சரக்க ஏற்கெனவே நீரடிமுத்து எண்ணெயில கொஞ்சூண்டு கண்டிருந்தாங்க. என் தங்கச்சி மவன் கல்யாணத்துலகூட நான் அவ்வளவு குதிச்சதில்ல, இதக் கேட்டதும் குதிச்சேன்.

குதிச்சி முடிச்சதும் உன் தங்கச்சி மிச்சத்தையும் படிச்சா. அந்தச் சரக்கு தனியா ஒரு கிருமியக்கூடக் கொல்லாதாம்! பக்கத்துல கொல்றவன் ஒருத்தன் இருந்தாத்தான் அதுக்கு வேலை. அதுவும் நடந்தது கண்ணாடிக் குழாயில. மனுசன் வயித்துல இல்ல. நீ என்னடான்னா கொல்றவனப் பரண்ல ஏத்திட்டு, கதவு அடைக்கறவன மட்டும் வூட்டுக்குள்ள கூட்டியாந்து விருந்து வைக்கற.

மனுசனுக்கே குடுத்துப் பாத்ததும் இருக்குது, சொல்றேன். மிளகுலயும் திப்பிலியிலயும் காரம் குடுக்கறது பிப்பரின். ஜம்மு அரசு ஆய்வுக்கூடத்துக்காரங்க, மருந்த ரத்தத்துல ஏத்த அது ஒத்தாசை பண்ணுதுன்னு ரொம்ப வருஷம் பாத்து, காடிலா கம்பெனியோட சேந்து 2009ல ரைசோரின்னு ஒரு டி.பி. மாத்திரை கொண்டாந்தாங்க. வழக்கமா 450 மில்லிகிராம் போடற ரிஃபாம்பிசின 200ஆ கொறைச்சி, கூட 10 மில்லிகிராம் பிப்பரின். சுக்கு மிளகு திப்பிலின்னு நம்ம பாட்டிங்க எதுக்கெடுத்தாலும் திரிகடுகம் சேத்ததுல ஒரு கணக்கு இருந்திருக்குது பாரு. ஆனா அவங்க ரத்தத்த எடுத்து அளந்து பாத்து எழுதின கணக்கு அது. ரசத்துல ரெண்டு மிளகு கூடப் போட்டுட்டு ‘நானும் ரைசோரின்தான்’னு மாத்திரையப் பாதியாப் பிட்டுப் போட்டுடாத. அதே பிப்பரின், வலிப்புக்குப் போடற ஃபெனிடாயின், மூச்சிரைப்புக்குப் போடற தியோஃபிலின் இதுங்களையும் ரத்தத்துல ஏத்தி வுடும். உனக்கு ஒத்தாசையா இருக்கறது அடுத்த வூட்டுக்காரனுக்கு ஆபத்தா முடியும்.

மூலிகைன்னா பக்கவிளைவே இல்லன்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லாத. எட்டியும் மூலிகைதான், ஊமத்தையும் மூலிகைதான், அரைச்சிக் குடிப்பியா? போன மழைக்கு வயல்ல எறங்கிட்டு வந்து எலிக்காய்ச்சல்னு உங்க மாமனுக்கு டாக்ஸிசைக்ளின் குடுத்தாங்க. அவன் புத்திசாலி, வயித்தெரிச்சலுக்கு சங்கு பற்பத்தையும் அதோட சேத்தே முழுங்கிக்கினு இருந்தான். சங்குன்னா என்னடா? சுண்ணாம்புச் சத்து. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்தச் சுண்ணாம்பும் இரும்பும் வயித்துலயே புடிச்சிக்கும், ரத்தத்துக்குப் போக வுடாது. பற்பமும் நல்ல மருந்து, மாத்திரையும் நல்ல மருந்து. ரெண்டையும் ஒரே வாயில போட்டவன்தான் காய்ச்சல்ல பொலம்பினான். நேரம் தள்ளிப் போடுன்னு ஒரு வார்த்தை டாக்டரக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. கேக்கறதுக்கு வெக்கமாம். அண்டர்வேரோட வயல்ல நிக்க வெக்கமில்ல.

உன் மாத்திரையில மூணு, கல்லீரலச் சோதிக்கக்கூடியது. அதுக்கு மேல பேரு தெரியாத சூரணம் நாலு போட்டா, கண்ணு மஞ்சளாச்சின்னா எது செஞ்சதுன்னு எந்த டாக்டரு கண்டுபுடிப்பாரு? வாந்தி வந்தாலோ கண்ணு மஞ்சளானாலோ கீழாநெல்லியத் தேடி வரப்புல அலையாத, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு. மூத்திரம் ஆரஞ்சாப் போனதப் பாத்து ‘உடம்பு சூடு’ன்னு எளநியாக் குடிச்சித் தீத்தியே, அது ரிஃபாம்பிசினோட நெறம். இப்ப வெள்ளையாப் போவுதுல்ல? அதுதான் எனக்குப் பயமா இருக்குது.

பச்சிலை தெரிஞ்சவங்கள நீ பாத்ததில்லன்னு நெனைக்கறேன். தண்டரையில இருளர் பொம்பளைங்க மூலிகைத் தோட்டம் வெச்சிருக்காங்க, போய்ப் பாரு. அதே இருளருங்கதான் வடநெம்மேலியில 1978லேர்ந்து சங்கம் வெச்சிப் பாம்பு விஷத்த எடுத்து, கடிக்கு ஊசி மருந்து செய்யக் குடுக்கறாங்க. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023ல பத்மஸ்ரீ வாங்கினாங்களே, அந்த ஜனம். காட்டுல ஒவ்வொரு வேரையும் பேர் சொல்லிக் கூப்புடறவங்களுக்கு ஊசி மருந்தோட சண்டை இல்ல. யூட்டியூப்ல ரெண்டு செடி பாத்த உனக்குத்தான் சண்டை.

நாளைக்கே டி.பி. ஊழியர் இருக்காரே, அவர்கிட்டப் போயி பத்து நாளா நிறுத்திட்டேன்னு மறைக்காம சொல்லு. நீயா பரண்லேர்ந்து எடுத்து மறுபடி முழுங்க ஆரம்பிக்காத. சளிய எடுத்துப் பாத்துட்டு எதைத் தொடரணும்னு அவங்க சொல்லட்டும். மாசம் 1000 ரூபா சத்துணவுக்கு வருது, அதுல முட்டை வாங்கு. ரீசார்ஜ் பண்ணிப் புது வைத்தியம் தேடாத.

கஷாயம் குடிச்சே ஆகணும்னா, செங்கல்பட்டுல லோக்கல் ட்ரெயின் ஏறி தாம்பரம் சானடோரியத்துல எறங்கு. 1928ல டேவிட் சௌரிமுத்து டாக்டரு ஆரம்பிச்ச நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியும் அங்கதான், 2005லேர்ந்து இருக்கற தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அங்கதான். சித்தா டாக்டர்கிட்ட டி.பி. சீட்டக் காட்டு, நெஞ்சு டாக்டர்கிட்ட கஷாயத்துப் பேரச் சொல்லு. ஒருத்தர்கிட்ட மறைச்சி இன்னொருத்தர்கிட்டப் போற வேலை வேணாம். போறப்ப என்னோட பழைய சீட்டையும் எடுத்துக்கினு போயி மூட்டுவலித் தைலம் ஒண்ணு வாங்கியா. பேரப் படிச்சி வாங்கு. போன தடவை நீ வாங்கியாந்ததுல மூட்டு வலி அப்பிடியே இருந்துச்சி, வயிறுதான் மூணு நாளு நிக்கல.