வெனிஸில் வழியும் ஊணும்: ஒரு சிற்றாராய்ச்சி

வெனிஸுக்கு வருபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய சூத்திரம் ஒன்று: இந்நகரில் தண்ணீரே தலைவாசல், தரை கொல்லைப்புறம். இதை அறிந்தவர் வழி தவறுவதும் குறைவு, சாப்பாட்டில் ஏமாறுவதும் குறைவு. இந்தச் சூத்திரத்தின் உரையே கீழ்வரும் மூன்று இயல்கள்.

1. முகவரி இயல்

வெனிஸ் 100க்கு மேற்பட்ட சிறு தீவுகளும் அவற்றைக் கோக்கும் 400க்கு மேற்பட்ட பாலங்களும் சேர்ந்த ஊர். ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயின் இரு கரையிலும் உள்ள மாளிகைகளில் தூணும் வளைவும் பலகணியும் தண்ணீரைப் பார்த்தே அமைந்திருக்கின்றன. விருந்தினரும் வணிகச் சரக்கும் படகில் வந்திறங்கிய வாசல் அது. நாம் நடக்கும் சந்து பெரும்பாலும் அவ்வீடுகளின் பின்பக்கம். அது நினைத்த இடத்தில் வளையும், குறுகும், சில இடங்களில் படிக்கட்டோடு தண்ணீரில் முடியும்.

ஊர் ஆறு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்க்கோ, கஸ்தெல்லோ, கன்னரேஜோ, தோர்சொதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. கதவிலக்கம் தெருவாரியாக வருவதில்லை. வட்டாரம் முழுவதற்கும் ஒரே தொடராக ஓடுகிறது. கஸ்தெல்லோவில் அது 6000ஐத் தாண்டுகிறது. வட்டாரப் பெயரும் எண்ணும் தபால்காரருக்குப் போதும், விருந்தாளிக்குப் போதாது. எனவே விடுதிக்காரரிடம் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். மிக அருகில் உள்ள படகுத்துறை எது? எந்தப் பாலத்தைக் கடந்து வர வேண்டும்? இரண்டாவது கேள்வி பெட்டியை முன்னிட்டு எழுவது. பாலங்கள் பெரும்பாலும் படிகளால் ஆனவை; சக்கரப் பெட்டியை ஒவ்வொரு பாலத்திலும் தூக்கித்தான் ஆக வேண்டும்.

சுவர்களில் வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் தெருப்பெயர் இருக்கும். ரியால்தோ, சான் மார்க்கோ, ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு மஞ்சள் பலகைகள் திசை காட்டும். அவற்றை நம்பி நடக்கலாம்.

2. கல இயல்

பெருங்கால்வாயின் நீளம் 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1591இல் கட்டி முடித்த ரியால்தோ கற்பாலத்தைத் தவிர, 1854 வரை அதன்மேல் வேறு பாலமே கிடையாது. இன்றும் மொத்தம் நான்குதான். அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் படகையே நம்பியிருந்தார்கள்; அந்த வழக்கம் திராகெத்தோ என்ற பெயரில் தொடர்கிறது. இருவர் துடுப்பு வலிக்கும் பெரிய கொண்டோலா அது. சாந்தா சோஃபியா துறையில் ஏறினால் ஓரிரு நிமிடத்தில் எதிர்க்கரையில் உள்ள ரியால்தோ மீன்சந்தையில் இறங்கலாம். வெளியூர்க்காரருக்குக் கட்டணம் 2 யூரோ. அரை மணி நேரக் கொண்டோலா உலாவுக்கு நகராட்சி நிர்ணயித்த பகல் கட்டணம் 90 யூரோ. அது படகுக்கு உரியது, தலைக்கு அல்ல. நால்வராகச் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும்.

நீர்ப்பேருந்துக்கு வப்போரெத்தோ என்று பெயர். 1ஆம் எண் படகு பெருங்கால்வாய் முழுவதும் ஏறக்குறைய எல்லாத் துறைகளிலும் நின்று போகிறது. பேருந்துகள் வந்து நிற்கும் பியாத்சாலே ரோமாவிலிருந்து சான் மார்க்கோ சேர முக்கால் மணி நேரம் ஆகும். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. மூன்று முறை ஏறுவதாக இருந்தால் இரண்டாவதே லாபம்.

படகு துறை சேரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். பணியாளர் தடித்த கயிற்றை மிதவையின் இரும்புக் குமிழில் மாட்டி, படகின் முளையில் சுற்றி இறுக்குகிறார். இயந்திரம் முடுக்கும்போது கயிறு விறைக்க, படகு மிதவையோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகுதான் கிராதியைத் தள்ளித் திறக்கிறார். இறங்குபவர் முதலில், ஏறுபவர் பின்னர். ஏறியதும் முதுகுப்பையைக் கழற்றிக் காலடியில் வைத்துக்கொள்வது முறை.

3. ஊண் இயல்

வெனிஸின் அடுப்பு சுற்றியுள்ள காயலுக்குக் கட்டுப்பட்டது. ரியால்தோ மீன்சந்தை காலையில் மட்டும் நடக்கும். ஞாயிறும் திங்களும் விடுமுறை. ஆகவே மீன்சாப்பாட்டைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைப்பது அறிவுடைமை. சந்தைப் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. மத்தி 7 சென்டிமீட்டர், விலாங்கு 25 சென்டிமீட்டர் என்று, எந்த அளவுக்குக் குறைந்த மீனை விற்கக் கூடாது என்பதை அது வரிசையாகச் சொல்கிறது. காயலைக் காலி செய்துவிட்டுப் பிழைக்க முடியாது என்று அறிந்தவர்களின் சட்டம் அது.

சாப்பிடச் சிறந்த இடம் பாகாரோ என்னும் சிறிய மதுக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கெத்தி எனப்படும் சிறு தீனிகள் இருக்கும். விரலால் சுட்டிக் கேட்கலாம், நின்றபடி சாப்பிடலாம். உலர்ந்த காட் மீனை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு வெளுத்துக் குழையும்வரை அடித்து ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தருவார்கள். இன்னொன்று சார்தே இன் சாவோர். பொரித்த மத்தியை, வினிகரில் வதக்கிய வெங்காயம், உலர்திராட்சை, பைன் பருப்பு ஆகியவற்றோடு அடுக்கி ஒரு நாளாவது ஊறவிடுகிறார்கள். கடலோடிகளுக்காக மீனைக் கெடாமல் வைக்கக் கண்ட முறை இது. புளிப்பும் இனிப்பும் மீனுக்குள் இறங்கிய பிறகே இதற்குச் சுவை.

உட்கார்ந்து உண்பவர் மூன்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் மேசைக் கட்டணம். இரண்டு, மீனின் விலை: பட்டியலில் உள்ள தொகை பல இடங்களில் 100 கிராமுக்கு உரியது, அடுப்பேறும் முன் எடையைக் கேட்பது நல்லது. மூன்று, நாற்காலியின் விலை: நின்று குடிக்கும் காப்பிக்கும் அமர்ந்து குடிக்கும் காப்பிக்கும் வேறு வேறு தொகை. சான் மார்க்கோ சதுக்கத்தில் 1720 முதல் நடக்கும் ஃப்ளோரியன் காப்பியகத்தில் இசை ஒலிக்கும்போது அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. தண்ணீருக்குச் செலவு வேண்டாம். பொதுக் குழாய் நீர் குடிக்கத் தக்கது. பாலத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவது குற்றம், அபராதம் விழும்.

முடிவுரை

இவ்விதிகளால் மிச்சமாகும் பணம் சிறிது. அவற்றைக் கற்க வேண்டிய காரணம் வேறு. 1951இல் இத்தீவுகளில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000க்கும் குறைவு. எஞ்சியவர்கள் அதே படகில் வேலைக்குப் போகிறார்கள், அதே பாலத்தில் காய்கறி வண்டியைத் தூக்குகிறார்கள், அதே சந்தையில் மீன் வாங்குகிறார்கள். படகு வாசலை மறிக்காதவரும், பாலத்தின் நடுவில் நின்றுவிடாதவரும், பகலோடு ஓடிவிடாமல் இரவு தங்கி வட்டாரக் கடையில் உண்பவரும் இவ்வூர்க்காரர்கள் இங்கேயே வாழ இடம் விடுகிறார்கள். வெனிஸ் ஓர் ஊராக நீடிக்க விருந்தாளி செய்யக்கூடியது அதுவே.