செப்டிக் டேங்க் வீடுகளில் கடல்நீர் மீன்தொட்டிக் கழிவின் கதி: சைதாப்பேட்டையை முன்வைத்து

சென்னையில் வீட்டுக்குள் கோமாளி மீன் வளர்ப்பது அரசின் கொள்கைக்கு நேர் எதிரான செயல். நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரை உறிஞ்சி, உப்பை நீக்கி, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் செய்யும் ஆலை ஒன்று தென்சென்னைக்காக இயங்குகிறது. குழாயில் வரும் நீரை மீன் வளர்ப்பவர் பக்கெட்டில் பிடித்து, மிச்சமிருக்கும் உப்பையும் வீட்டு ஆர்ஓ மெஷினில் போக்கி, பிறகு காசு கொடுத்து வாங்கிய மெரைன் சால்ட்டைக் கொட்டிக் கலக்கி மறுபடி கடலாக்குகிறார். அதுவரை அவர் சொந்த விஷயம். வாரம் ஒருமுறை தொட்டியிலிருந்து எடுக்கும் 40 லிட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று குடம், எங்கே போக வேண்டும் என்பதுதான் ஊர் விஷயம். சைதாப்பேட்டையில் மெட்ரோ வாட்டரின் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீட்டில் இது கேள்வியே அல்ல. டாய்லெட்டில் ஊற்றி ஃப்ளஷ் செய்தால் தீர்ந்தது. மர்மலாங் பாலம் தாண்டித் தெற்கே போகப் போக, 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் சாக்கடைக் குழாய் எட்டாத தெருக்களில் வீடு வைத்திருப்பவருக்கே இவ்வாய்வு.

முதலில் பரபக்கம். உப்புநீர் பட்டால் செப்டிக் டேங்கிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும், டேங்க் நாறும், லாரி கூப்பிட வேண்டிவரும் என்பது மீன் வளர்ப்போர் பலரின் அச்சம். கணக்கு இதற்கு ஒத்துழைக்கவில்லை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 40 லிட்டரில் 1.4 கிலோ. அதில் சோடியம் மட்டும் அரைக் கிலோவுக்குக் கீழே. ஐந்து பேருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் டேங்க் ஆயிரம் லிட்டரை ஒட்டியது. முழுதும் கலந்தாலும் லிட்டருக்கு அரை கிராம் சோடியம் தேறாது. காற்றில்லாமல் வாழும் அந்த உயிர்கள் முணுமுணுக்கத் தொடங்குவதே சுமார் மூன்றரை கிராமில்தான். ஃபினாயிலையும் ஆசிட்டையும் வாராவாரம் தாங்கிக்கொள்ளும் பிறவிகள் அவை. உப்புக்கு அஞ்சுவதாகச் சொல்வது அவற்றுக்கு அவமானம். ஒன்று மட்டும் உண்மை: கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம். பக்கெட்டோடு கவிழ்த்தால் நேரே அடியில் இறங்கி வண்டலைக் கிளறிவிடும். மக்கு மக்காக, நாலைந்து வேளையாக ஊற்றுவதே முறை.

ஆனால் டேங்க் பிழைத்துக்கொள்வதில்தான் சிக்கலே. மற்ற எதையும் செரிக்கும் அந்தத் தொட்டிக்கு உப்பைச் செரிக்கத் தெரியாது. இந்தப் பக்கம் நுழைந்த 1.4 கிலோ அந்தப் பக்கம் அதே 1.4 கிலோவாக வெளியேறி, சோக் பிட் வழியே மண்ணில் இறங்குகிறது. ஓராண்டில் ஏறக்குறைய 73 கிலோ. குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அந்தக் கணக்கில் ஒரு வாரத்துக் கழிவு 2,800 லிட்டர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டு நிறுத்த வல்லது. சோக் பிட்டுக்கும் போர்வெல்லுக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டி நிறுத்தத்தான் இடம் என்கிற மனையில் இதன் விளைவை விளக்கத் தேவையில்லை. ஆர்ஓ மெஷின் விற்க வரும் பையன் பேனா போன்ற கருவியைத் தண்ணீரில் நனைத்து, எண்ணைப் பார்த்து, முகம் மலர்வான். இதைவிடக் கொடியது, ஓட்டை போட்ட சிமென்ட் மூடியைக் கண்டதும் வசதியாயிற்றே என்று மழைநீர் சேகரிப்புக் குழியில் ஊற்றுவது. நிலத்தடி நீரைக் காக்க 2003-ல் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய அந்தக் குழியில் கடலை இறக்குபவருக்கு இவ்வாய்வு எந்தச் சலுகையும் தராது.

இனித் தென்னைவாதிகள். தென்னங்கன்று நடும் குழியில் கல்லுப்புப் போடுவது நம் வழக்கம்தானே, மரத்தடியில் ஊற்றினால் என்ன என்பார்கள். தென்னைக்குக் குளோரைடு சத்து வேண்டும் என்பது மெய்யே. ஆனால் மரம் குடித்தது போக மீதி முதல் மழையில் அதே போர்வெல்லுக்குத்தான் போகும், போகிற வழியில் கறிவேப்பிலைச் செடியையும் விசாரித்துவிட்டு. கடல்வாதிகள் இன்னும் சாமர்த்தியசாலிகள்: பெசன்ட் நகர் பக்கத்தில்தானே, கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமே? கொடுப்பது வெறும் உப்புநீராக இருந்தால் சரி. தொட்டியில் அயல்கடல் பாசியும் புழுவும் நோயும் சேர்ந்தே குடியிருக்கின்றன. மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் 1984-ல் காணப்பட்ட ஒரு தொட்டிப் பாசி, மத்தியதரைக் கடலின் அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரவியது. ஒரு பக்கெட்டின் பெருமை அவ்வளவு.

ஆக, சித்தாந்தம் இது: செப்டிக் டேங்க் வீட்டுக்காரர் தொட்டிநீரை வெளியேற்றத் தகுந்த இடம், பாதாளச் சாக்கடை உள்ள சொந்தக்காரர் வீட்டு டாய்லெட். சைதாப்பேட்டையில் பெண் எடுத்தவர்கள் இவ்வகையில் பாக்கியசாலிகள். 40 லிட்டர் என்பது சரியாக இரண்டு தண்ணீர் கேன். ஷேர் ஆட்டோவில் மடியில் ஒன்று, காலடியில் ஒன்று. சாக்கடையில் போனாலும் உப்பு அழிவதில்லையே என்று கேட்டால், அழிவதில்லைதான். ஆனால் அங்கே ஊரே சேர்ந்து விடும் கழிவில் அது கரைந்து பெயரிழக்கிறது. யார் வீட்டுக் கிணற்றடியிலும் உட்கார்வதில்லை. மாமியார் வீட்டில் இதற்கு ஒப்புவார்களா என்பது வேதியியலுக்கு அப்பாற்பட்டது. வாராவாரம் வரும் மாப்பிள்ளை வெறும் கையோடு வரவில்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டலாம். கேன்களின் மேல் மார்க்கரால் கொட்டை எழுத்தில் ‘மீன்’ என்று எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மச்சான் அதைத் தூக்கிச் சமையலறை டிஸ்பென்சரில் கவிழ்த்துவிடுவார்.