பொய்க்கொதி: போர்டிக்சன் தோட்டத்துக் கேத்தல்கள் குறித்து ஓர் ஆய்வு

"தண்ணி கொதிச்சிருச்சா?" என்ற கேள்விக்குப் போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் இரண்டு மரபுகள் உண்டு. கேத்தலின் உட்சுவரில் கடுகு கடுகாய்க் குமிழி ஒட்டியதுமே "ஆச்சு" என்பது அவசர மரபு. பெரட்டுக்கு நேரமானவர்கள் வளர்த்தது. "தளதளன்னு வரட்டும்" என்பது பாட்டிமார் மரபு. ஆய்வாளனுக்கு நடுநிலைதான் அழகு. ஆனாலும் வயிற்றை உத்தேசித்து இக்கட்டுரை பாட்டிமார் பக்கம் சாய்கிறது.

அந்தக் கடுகுக் குமிழி நீராவியே அன்று, நீரில் கரைந்திருந்த காற்று. கொதிநிலைக்கு வெகு முன்னரே அது கிளம்பிவிடும். சீனி சூட்டில் கூடுதலாகக் கரையும், காற்றோ நேர்மாறு. 0 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில், அதாவது நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில், 7.6தான். மேலே எவ்வளவு அழுத்தத்தில் காற்று நிற்கிறதோ அதற்கேற்பத்தான் உள்ளே கரையும் என்று 1803இல் வில்லியம் ஹென்றி கண்டு சொன்னார். தளதளவெனக் கொதிக்கும் கேத்தலில் மேலே நிற்பது நீராவி. காற்றுக்கு அங்கே இடமில்லை, ஆகவே உள்ளேயும் இல்லை.

8ஆம் நூற்றாண்டில் தேநீருக்கே நூல் எழுதிய சீனத்து லூ யூ, இக்குமிழிகளை மீன்கண் என்று அழைத்து முதல் கொதியாகக் கணக்கிட்டார். அவசர மரபினர் இவரைத் தம் கட்சியில் சேர்க்கப் பார்ப்பார்கள். சேராது. மீன்கண்ணைக் கண்டதும் அவர் உப்பைத்தான் போட்டார். தேயிலைக்கு இரண்டாம் கொதிவரை காத்திருந்தார்.

சான்று வேண்டுவோர், கொதித்த நீரை ஆறியும் ஆறாமலும் மறுபடி அடுப்பேற்றிப் பார்க்கலாம்: கடுகு அநேகமாகத் தெரியாது, காற்றுதான் போய்விட்டதே. இன்னொரு சான்றை லயத்துப் பிள்ளைகள் புட்டியில் வளர்க்கிறார்கள். கொதித்து அப்போதுதான் ஆறிய நீரில் விட்டால் கப்பி மீன் மூச்சுத் திணறும். சண்டை மீன் அசராது. செவுளுக்கு மேல் அதற்குத் தனியுறுப்பு உண்டு, மேலே வந்து ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு மறுபடி முறைக்கும்.

வெளியேறிய காற்றைத் திரும்ப அழைக்கும் முயற்சி தெலுக் கெமாங் ஒட்டுக்கடைகளில் நாள்தோறும் நடக்கிறது. கடைக்கார அண்ணன் கையுயர்த்தித் தே தாரிக் இழுப்பது ஹென்றி விதிமீது போடும் மேல்முறையீடே. அந்தச் சூட்டில் கரைவது சொற்பம். மிச்சமெல்லாம் நுரையாக மேலே நிற்கிறது. நுரைக்குத் தனி விலை வைக்கலாமா என்பதை இவ்வாய்வு வேண்டுமென்றே ஆராயவில்லை. அண்ணன் படித்துவிடக் கூடும்.